நடுவிலே இடம் விடச் சொன்னவர்

உலகத்தில் வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள், வேலை செய்யாதவர்களும் இருக்கிறார்கள். இந்த இரண்டு வகையையும் நீங்களும் நானும் பார்த்துச் சலித்துவிட்டோம். இவர்களுக்கு நடுவே மூன்றாவதாக ஓர் இனம் உண்டு. யாராவது குனிந்து ஒரு வேலையைத் தொட்டுவிட்டால் போதும், நாலடி தள்ளி வந்து நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையை லேசாகச் சாய்த்து, "இப்படிச் செய்யலாமே" என்று சொல்வதற்காகவே பிறந்த இனம். குழாய்க்குப் பள்ளம் தோண்டினால் வருவார்கள். ஸ்கூட்டர் சக்கரத்தைக் கழற்றினால் வருவார்கள். பாடை கட்டும்போதுகூட, முடிச்சு இந்தப் பக்கம் வரட்டும் என்று ஒரு குரல் கேட்குமே, அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் இந்த இனத்தவர்தான்.

பழவேற்காடு ஏரிக்கரைத் தோணிரேவில் இந்த இனத்துக்கு நீலமேகம் என்று பெயர். ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த நாள் வலை கட்டுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். தன் பாட்டை முதுகுப்பிடிப்பைக் காட்டி மகனிடம் தள்ளிவிட்டுக் கரையிலேயே தங்கிவிட்டவர் நீலமேகம். முதுகுக்குத்தான் பிடிப்பு. வாய்க்கு இல்லை. மற்றவர்கள் படகைத் தள்ளும்போது "இடப்பக்கம் ஏத்து, இடப்பக்கம் ஏத்து" என்பார். படகு தண்ணீரில் இறங்கியதும் தன் நெற்றியைத் துண்டால் துடைத்துக்கொள்வார். வேலை நன்றாக முடிந்தால் "நான் அப்பவே சொன்னேன்" என்பார். கெட்டுப்போனாலும் அதையேதான் சொல்வார். அதில் பொய் எதுவும் கிடையாது. எல்லாவற்றையும் சொல்லி வைக்கிறவர் எதையாவது சரியாகச் சொல்லித்தானே இருப்பார்?

அவரைக் கெட்டவர் என்று எண்ணிவிடாதீர்கள். யோசனை சொல்ல ஆளில்லாமல் ஒரு மனிதன் தனியாக வேலை செய்வதைப் பார்த்தால் நீலமேகத்துக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும். அனாதைக் குழந்தையைப் பார்த்தவர்போல ஓடுவார்.

அப்படி அவர் ஓடிய இடங்களில் முக்கியமானது தங்கை செவ்வந்தியின் வீடு. தங்கை கணவர் முத்துராஜ் சென்னையில் ஒரு கம்பெனியில் பழைய மினிகம்ப்யூட்டர்களைப் பழுது பார்த்துக் காலம் தள்ளியவர். 'மினி' என்றதும் கையடக்கமாக நினைத்துவிட வேண்டாம். ஒரு பீரோ உயரம், ஒரு பீரோ கனம். கம்பெனியை மூடும்போது யாருக்கும் வேண்டாமல் கிடந்த ஒன்றை, பாசம் தாங்காமல், மீன் வண்டியில் ஏற்றி வந்துவிட்டார். அது அந்த வீட்டில் கதவு உள்ள ஒரே அறையில் போய் உட்கார்ந்துகொண்டது. செவ்வந்தி பொறுத்தாள். ஆனால் வெள்ளிக்கிழமை மகள் சுபஸ்ரீ தலைப்பிரசவத்துக்கு வருகிறாள். பிள்ளைத்தாய்ச்சியைக் கூடத்தில் படுக்கவைக்க முடியுமா?

நல்லவேளையாக, பழைய இயந்திரங்களைக் காட்சிக்கு வைக்க ஒரு கல்லூரி ஆள் அனுப்புவதாகச் சொன்னது. ஒரே நிபந்தனை: ஓட வேண்டும். ஓடினால் அன்றைக்கே வேனில் ஏற்றிக்கொள்வார்கள். ஓடாவிட்டால் அது அவர்களுக்கு வெறும் இரும்பு.

ஆகவே அவர்கள் வருகிற நாள் காலையில் முத்துராஜ், கழற்றி வைத்திருந்த சர்க்யூட் போர்டுகளைப் பேக்பிளேனில் பொருத்த உட்கார்ந்தார். பேக்பிளேன் என்றால் பெரிய மர்மமெல்லாம் இல்லை. பீரோவின் பின்கதவைத் திறந்தால் உள்ளே நிற்கும் பலகை, அதில் வரிசையாக வாய் பிளந்த ஸ்லாட்டுகள். தாம்பாளம் அகலப் போர்டின் ஓரத்தை ஸ்பிரிட் துணியால் துடைத்து, இரு பக்கத்துக் காடியிலும் நேராக ஏற்றி, இரண்டு கட்டைவிரலாலும் ஒரே சீராக அழுத்தினால் டக்கென்று உட்காரும். கோணலாக அழுத்தினால் உள்ளே மெல்லிய தகடு வளைந்துபோகும். மூச்சுவிடாமல் செய்ய வேண்டிய வேலை. நீலமேகம் மூச்சுவிட்டபடியே வந்து நின்றார்.

முதலில், உப்புக்காற்றுக்குக் கிரீஸ் தடவச் சொன்னார். பிறகு அடியில் தேங்காய் வைத்து ஒரு தட்டுத் தட்டச் சொன்னார். பிறகு பச்சைப் போர்டுகளைக் கிழக்குப் பக்கமாகத் திருப்பினால் நல்லது என்றார். முத்துராஜ் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மனைவியின் அண்ணனிடம் அதற்குமேல் என்ன செய்ய முடியும்?

"இன்னா மாப்ள, இப்புடி நெருக்கி நெருக்கி சொருவுற? வலைக்கும் வலைக்கும் நடுவுல எடம் வுடாம எவனாவது கட்டுவானா? ஒரு எடம் வுடு. காத்து போவட்டும்."

முத்துராஜ் பொறுமையாக விளக்கினார். படகிலிருந்து மீன் கூடையை ஆட்கள் வரிசையாக நின்று கை மாற்றி விடுவதைப்போல, இங்கே ஒரு போர்டு சேதியை வாங்கி அடுத்த போர்டுக்குக் கொடுக்கும். நடுவில் ஓர் ஆள் இல்லையென்றால் கூடை அங்கேயே நின்றுவிடும், அதற்கப்பால் இருக்கிறவனுக்கு ஒன்றும் வந்து சேராது. நீலமேகம் முழுவதும் கேட்டுக்கொண்டார். கம்ப்யூட்டர் படித்தவனுக்கு ஏரியைப் பற்றி என்ன தெரியும் என்று அவருக்கு இரக்கமாக இருந்தது.

முத்துராஜ் குளிக்கப் போனார். அப்போதுதான், வாழ்நாளில் கையை முன்னால் கொண்டுவராத நீலமேகம் கையை முன்னால் கொண்டுவந்தார். கடைசிப் போர்டை உருவினார். ஒரு ஸ்லாட் தள்ளிச் சொருகினார். பார்த்துப் பார்த்துக் கற்ற வித்தை, இரண்டு கட்டைவிரலும் சரியாகவே அழுத்தின. டக். ஏரியில் வலை கட்டும் முறைப்படி நடுவில் ஓர் இடம். அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பின்கதவையும் சாத்தி வைத்தார்.

கல்லூரிக்காரர்கள் வந்தார்கள். முத்துராஜ் சுவிட்சைப் போட்டார். முன்பக்கத்து விளக்குகள் வரிசையாக எரிந்தன, அதோடு சரி. டிஸ்க் அசையவில்லை. தட்டச்சுப் பலகையில் எதையெதையோ தட்டிப் பார்த்துவிட்டு, பின்கதவைத் திறக்கிறேன் என்று முத்துராஜ் எழுந்தபோது நீலமேகம் அவர் தோளைப் பிடித்துக் காதருகே சொன்னார்.

"வந்தவங்க எதிர்ல கொடலை உருவிக் காட்டுவாங்களா? மானம் போவும். உக்காரு."

முத்துராஜ் உட்கார்ந்துவிட்டார். வந்தவர்கள் இறால் வறுவலைப் புகழ்ந்தார்கள், ஏரியைப் புகழ்ந்தார்கள், இதேபோல இன்னொன்றை வேறு ஊரில் பார்க்க வேண்டியிருக்கிறது என்று சொல்லிப் புறப்பட்டார்கள். மாலையில் போன் வந்தது. அந்த இன்னொன்று ஓடியதாம், அதையே ஏற்றிக்கொண்டார்களாம்.

அதற்குப் பிறகு முத்துராஜ் பின்கதவைத் திறந்தார். காலி ஸ்லாட்டைப் பார்த்தார். போர்டை இழுத்து அதன் இடத்தில் அழுத்தினார். சுவிட்சைப் போட்டதும் டிஸ்க் உறுமியது, திரையில் எழுத்துகள் ஓடின. யாருக்கும் தேவைப்படாத அந்த நேரத்தில் அது ஜோராக ஓடியது. அந்த மனிதருக்கு அழுகை வந்ததை நான் மறைக்கப்போவதில்லை.

நீலமேகம் கைகளைப் பழையபடி பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான் அப்பவே சொன்னேன், தொறந்து பாருன்னு."

இதுவரை வாயே திறக்காத செவ்வந்தி அண்ணனுக்கு எதிரே வந்து நின்றாள்.

"வெள்ளிக்கிழமை புள்ள வருதுண்ணா. இது உன் வூட்டுக்குப் போவுது."

"என் வூட்லயா? கட்டில் கீது, பீரோ கீது, எங்கம்மா எடம்?"

"நடுவுல ஒரு எடம் வுடு. காத்து போவட்டும்."

மறுநாள் ஊரே கூடியது. இயந்திரத்தின் ஒரு மூலையை முத்துராஜும் இன்னொன்றை நீலமேகத்தின் மகனும் மூன்றாவதை ஐஸ் வண்டிக்காரர் தேவேந்திரனும் பிடித்தார்கள். நான்காவது மூலையை நீலமேகம் பிடித்தார்; செவ்வந்தி பிடிக்கவைத்தாள். இத்தனை காலம் அவர் யோசனை கேட்டுக்கொண்டே படகு தள்ளியவர்கள் தெருவின் இரு பக்கமும் நின்று, இடப்பக்கம் ஏத்து, மாமா, இடப்பக்கம் ஏத்து என்று அன்போடு சொல்லிக்கொண்டே வந்தார்கள். வீடு போய்ச் சேரும்வரை நீலமேகம் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது அவருடைய கட்டில் வாசலில் கிடக்கிறது. ஏரிக்காற்று தாராளமாகப் போகிறது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்ல வேண்டும். முத்துராஜ் பின்கதவைப் பூட்டிவிட்டல்லவா குளிக்கப் போயிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியதா இல்லையா? வந்தவர்களை இன்னும் கொஞ்சம் உட்காரவைத்திருக்கலாம் என்று? மச்சானை அறைக்குள் விட்டதே தப்பு என்று? தோன்றியிருக்கும். இதைப் படிக்க ஒரு கை போதும். இன்னொரு கை இப்போது முதுகுக்குப் பின்னால் போயிருக்கிறதா என்று கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.