சபையில் நான் சொன்ன ‘வேண்டாம்’

சாலிடரிங் இரும்பைப் பிடிக்கத் தெரிந்துவிட்டால் போதும், மனிதனுக்குத் தலைகால் புரியாது. எனக்கு அதுவே அரைகுறைதான். இருந்தும் எழுபதுகளின் தொடக்கத்தில், அக்காவின் நிச்சயதார்த்தத்துக்கு மைக்செட் பேசக் கிளம்பிய அப்பாவை மறித்து, “நானே ஆம்ப்ளிஃபயர் செஞ்சு தாரேன்” என்றேன்.

மதுரையில் இரண்டு பவர் டிரான்சிஸ்டர் வாங்கினேன். “ரெண்டும் ஒண்ணுபோல மின்சாரம் இழுக்கணும். மீட்டர் வச்சுப் பாத்து எடுங்க தம்பி” என்றார் கடைக்காரர். நான் பார்த்தது உயரமும் நிறமும். (அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்ததும் ஏறக்குறைய இப்படித்தான்.)

அடுத்தது பயாஸ். குரல் வருமுன்பே டிரான்சிஸ்டருக்குக் கொஞ்சம் மின்சாரம் கொடுத்து விழிப்பாக வைத்திருக்க வேண்டும். குறைந்தால் குரல் பிசிறும், கூடினால் சூடேறும். நான் குறைத்து வைத்துவிட்டேன்.

பாளையம்பட்டியில் எங்கள் வாசலில் தகரப் பந்தல். உச்சி வெயில். அப்பாவின் காலடியில் என் ஆம்ப்ளிஃபயர். திருச்சுழியிலிருந்து பஸ்ஸில் வந்திருந்த மாப்பிள்ளையின் தாய்மாமன் மைக்கைப் பிடித்து, “சபைக்கு வணக்கம்” என்றார். வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியில், தொண்டையில் மீன்முள் சிக்கியவர் பேசுவதுபோல் வந்தது. கூட்டம் சிரித்தது. அவர் முகம் கறுத்தது.

பயாஸ் திருகாணியை லேசாகத் திருகினேன். குரல் தெளிந்தது. அப்பா என்னைப் பெருமையாகப் பார்த்தார். (பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை.) அந்தப் பார்வைக்காக இன்னொரு திருகு. வந்தது வினை. சூடான டிரான்சிஸ்டர் கூடுதலாக மின்சாரம் இழுத்தது. இழுக்க இழுக்க இன்னும் சூடானது. தொட்டேன். தோசைக்கல்லைத் தொட்டதுபோல் சுரீரென்றது. புகையும் கிளம்பியது.

பக்கத்தில் நின்ற நண்பன் முத்தையா, அதன்மேல் ஊற்றத் தண்ணீர்ச் செம்பைத் தூக்கிவிட்டான். அந்த நேரம் பார்த்துத் தாய்மாமன் அப்பாவின் பக்கம் மைக்கை நீட்டி, “பொண்ணு வீட்டுக்காரவுகளுக்குச் சம்மதந்தானே?” என்றார்.

“ஐயோ, வேண்டாம்லே! வேண்டாம்!” என்று நான் முத்தையாவைப் பார்த்து அலறியது ஊருக்கே கேட்டது.

அத்தோடு ஆம்ப்ளிஃபயர் உயிரை விட்டது. மாப்பிள்ளை வீட்டார் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்கள். “பொண்ணோட தம்பிக்கே இஷ்டமில்லையாம். வாங்கப்பா, பஸ்ஸுக்குப் போவோம்!” என்றார் தாய்மாமன். வெந்த விரலை உயர்த்திக் காட்டினேன். மிரட்டுகிறான் என்று நினைத்துவிட்டார்கள்.

அப்போது அக்கா வாசலுக்கு வந்தாள். கல்யாணப்பெண் சபையில் வாய் திறக்காத காலம் அது.

“எனக்குச் சம்மதம். அவன் கெடக்கான், கிறுக்குப் பய!”

மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்டது. முதலில் சிரித்தவர் மாப்பிள்ளைதான். தாய்மாமனும் மெதுவாக உட்கார்ந்தார்.

இன்றும் அக்கா வீட்டுப் பந்தியில் யாராவது இலைமேல் கையை விரித்துப் பாயசம் ‘வேண்டாம்’ என்றால், அத்தான் கரண்டியை நிறுத்திக் கேட்பார்: “இது நெசமான வேண்டாமா, மச்சான் வேண்டாமா?” பேரப்பிள்ளைகள் ஒருபடி மேலே. “மச்சான் வேண்டாம்! மச்சான் வேண்டாம்!” என்று கத்திக்கொண்டே கிண்ணத்தை நீட்டுகிறார்கள்.