சந்தா கட்டாத நாற்காலி

சரியாகப் பத்து மணிக்கு, பாதிப் பல்லைக் குடைந்த நிலையில், பல் டாக்டரின் கையிலிருந்த டிரில் நின்றுபோனது. நாற்காலியின் சின்னத் திரையில் ஒரு வரி எரிந்தது: ‘சந்தா முடிந்தது.’

டாக்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. “போன வருஷம் முழுக் காசும் குடுத்து வாங்கின நாற்காலி! இதுக்குச் சந்தாவா?”

வரவேற்பு மேஜையிலிருந்து ஓடிவந்த மனைவி திரையைப் படித்தாள். “நாற்காலி நம்மளுதுதானாம். உள்ள இருக்கிற சாஃப்ட்வேர்தான் வாடகையாம். முதல் வருஷம் சும்மா விட்டிருக்காங்க.”

“மாட்டை வித்துட்டு மடியை வாடகைக்கு விடுறானா? எந்தப் படுபாவி யோசனை இது?”

நாற்காலியில் கிடந்தவர், வாய் நிறையப் பஞ்சோடு, “ங்ஆ… ங்ஆ…” என்று கையிலிருந்த காகிதக் கட்டை ஆட்டினார்.

“பழைய ரிப்போர்ட்டெல்லாம் அப்புறம் பாக்கலாம். அசையாதீங்க சார்.”

டாக்டருக்கு யார் பேச்சையும் கேட்டுப் பழக்கமில்லை. இந்த மனிதர் காலையில் உள்ளே நுழைந்து “டாக்டர், நான் வந்து…” என்று ஆரம்பித்தபோதே, “நீங்க சொல்ல வேணாம், உங்க பல்லு சொல்லும்” என்று உட்காரவைத்து ஊசி போட்டுவிட்டார். பல் என்னவோ கருங்கல் மாதிரி உறுதியாக இருந்தது. அதனால் இன்னும் ஆழமாகக் குடைந்தார்.

மரத்துப்போன வாய் அரை மணியில் விழித்துக்கொள்ளும். அதற்குள் குழியை அடைத்தாக வேண்டும். சுவிட்சை அணைத்துப் போட்டார். நாற்காலி மட்டமாகப் படுத்துக்கொண்டது.

“என்னங்க, வாடகைக்குச் சம்மதமான்னு கேக்குது.”

“வேண்டாம்னு அமுக்கு! நாம என்ன இளிச்சவாயங்களா?”

அமுக்கினாள். தலை கீழே, கால் மேலே என்று நாற்காலி சரியத் தொடங்கியது. படுத்திருந்தவரின் மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு ஏறி, தரையில் விழுந்து உடைந்தது.

டாக்டர் பதறிப்போய் அந்தக் காகிதக் கட்டைப் பிடுங்கி, மடித்து, நாற்காலியின் மூட்டில் செருகினார். மூட்டு அதை நறநறவென்று அரைத்துத் துப்பிவிட்டு மேலும் இறங்கியது. மனிதரின் கண்ணிலிருந்து நீர் நெற்றிப் பக்கமாக ஓடியது.

“ஐயையோ, அழறாருங்க! முதல்ல பஞ்சை எடுங்க!”

எடுத்தார். “ரொம்ப வலிக்குதா சார்?”

தலைகீழாகத் தொங்கியவர் தரையில் கிடந்த காகிதத் தூளைப் பார்த்தபடி சொன்னார்: “நான் பல்லு காட்ட வரலை டாக்டர், நாற்காலிக் கம்பெனியிலிருந்து, ஆயுசுக்கும் சந்தா வேண்டாம்னு எழுதின இந்தக் காகிதத்துல, பத்து மணிக்குள்ள உங்க கையெழுத்து வாங்க வந்தேன்.”