திரியில்லாத முளைப்பாரி

அறை வாசலில் நின்றவர்கள்: என் அத்தை, அதாவது மாமியார். நாத்தனார் மாரி. அவளைத் தன் மகனுக்குக் கேட்டு வந்திருந்த சாத்தூர்க்காரம்மா. என் வீட்டுக்காரர். கடைசியாக நான். ஒளிய இடமில்லாததால் நின்றேன்.

அம்மன் கோயில் பொங்கலுக்குத் தெருவில் வீட்டுக்கு ஒரு முளைப்பாரி எடுப்போம். சட்டியில் வைக்கோலும் எருவும் போட்டு, ஊறவைத்த பயறுகளைத் தூவி, இருட்டறையில் வளர்ப்பது. தூவியவரைத் தவிர வேறு யாரும் உள்ளே போகக் கூடாது. பயிர் செழித்தால் வீட்டில் நல்லது நடக்கும் என்பார்கள். அந்த வருசம் நடக்க வேண்டிய நல்லது மாரியின் கல்யாணம்.

அத்தைக்கு முட்டி வீக்கம். பொறுப்பு என்னிடம் வந்தது. எனக்குப் பிறந்த வீட்டிலும் பழக்கமில்லை. அங்கே எல்லோரும் பட்டாசு கம்பெனிக்குப் போனவர்கள். நானும் நாரணாபுரத்தில் வெடிக்குத் திரி செருகுகிறவள்.

"சுத்தமாப் பாத்து வாங்குத்தா. சொத்த, கல்லு இருக்கக் கூடாது" என்றார் அத்தை.

சுத்தமாகத்தான் வாங்கினேன். கடையில் முழுப்பயறு அழுக்காக இருந்தது. (வண்டு வேறு ஓடியது.) பக்கத்திலேயே தோலெடுத்த உளுந்து, பாசிப்பருப்பு, கடலைப்பருப்பு, துவரம்பருப்பு. அப்படி மின்னியது. சாமி காரியம், மட்டமானதை வாங்குவானேன்?

கொஞ்ச நாளில் வாடை வந்தது. எருவின் வாடை என்று நினைத்தேன். பிறகு நுரை வந்தது. முளைக்கிற வேகம் என்று நினைத்தேன். ஆனாலும் கேட்டேன்.

"அத்த, மொளப்பாரி நுரைக்குமா?"

"வாய வச்சுக்கிட்டு சும்மா இரு. நல்ல காரியத்துல நொட்ட சொல்லாத."

சும்மா இருந்தேன். நாள் தவறாமல் தண்ணீர் தெளித்தேன்.

சட்டியைத் தூக்கும் நாளில் சாத்தூர்க்காரம்மா வந்தார். உள்ளே வந்ததும் மூக்கை உறிஞ்சினார்.

"என்ன மதினி, மாவு பொங்கிருச்சு போல? புளிச்ச வாடை தூக்குதே."

"மாவா? நோம்பு வீட்டுல ஏது மாவு? எம் மருமக மொளப்பாரி போட்டுருக்கா, வந்து பாருங்க" என்று அத்தையே கதவைத் திறந்தார்.

சட்டி நிறைய வெள்ளை நுரை. நடுவே மூன்று முளை.

சாத்தூர்க்காரம்மா விரலால் நுரையை ஒதுக்கி ஒரு பருப்பை எடுத்தார். "இது கடலப்பருப்புல்ல? உளுந்தும் தோலெடுத்ததால்ல கிடக்கு!"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "ஏலா, திரியில்லாத வெடிய வரிசையா அடுக்கி வச்சிட்டு, வெடிக்கும் வெடிக்கும்னு உக்காந்திருந்தியாக்கும்?"

அப்போதுதான் புரிந்தது. நிலக்கடலையைப் பிளந்தால் நுனியில் சின்ன மூக்கு இருக்கும். வேராவதும் தண்டாவதும் அதுதான். இரண்டு பருப்பும் அதற்குச் சோறு. தோல் அதற்குக் காவல். மில்லில் உடைக்கும்போது மூக்கு உதிர்ந்துவிடும். நான் தூவியது வெறும் சோறு. சாப்பிட ஆளில்லை. தினமும் ஆயிரக்கணக்கில் திரி செருகுகிற கைக்கு இது தெரியவில்லை.

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மாரி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. சம்பந்தம் போச்சு என்றுதான் நானும் நினைத்தேன்.

சாத்தூர்க்காரம்மா கையைத் துடைத்தார். "மாவாட்ட எங்க வீட்டுல ஆளிருக்கு. இந்த மருமகள நீங்களே வச்சுக்கோங்க. மாரிய மட்டும் குடுங்க."

மாரியின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள்.

மாரி இப்போது சாத்தூரில் இருக்கிறாள். கோயிலில் பொங்கல் நாள் சாட்டியதும் போன் வந்துவிடும். "மதினி, மாவு பொங்கிருச்சா?"

அன்று சட்டியைத் தூக்காமல் விடவில்லை. சாமிக்கு நேர்ந்தது நேர்ந்ததுதான். நுரையை வழித்துவிட்டுத் தலையில் வைத்தேன். முன்னும் பின்னும் பெண்கள் தலையில் பயிர் சாண் உயரத்துக்கு ஆடியது. என் சட்டியில் நின்றது, பருப்பு வாங்கிய துணிப்பையின் மடிப்பில் ஒட்டிக் கிடந்த பழைய தட்டாம்பயறு. அதற்குத் தோலும் இருந்தது, மூக்கும் இருந்தது.

கண்மாயில் கரைக்கும் முன் எண்ணிப் பார்த்தேன். மூன்று.