மூடிய பாத்திரமும் முந்திய மூக்கும்

கோயிலுக்கு வருகிறவர்களில் சாமி கும்பிட வருகிறவர்கள், சாப்பிட வருகிறவர்கள் தவிர மூன்றாவதாக ஓர் இனம் உண்டு. கோயிலுக்கே கோயிலைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க வருகிறவர்கள். நாங்கள் 'பாரம்பரியம்' என்று பட்டப்பெயர் வைத்திருக்கும் மனிதர் இந்த இனத்தின் தலைவர்.

தூணைத் தொட்டால் எந்தக் காலத்துத் தூண் என்பார், படியில் கால் வைத்தால் யார் போட்ட படி என்பார், விளக்கேற்றப் போகிற பெண்ணை நிறுத்தி அவள் திரி திரித்ததில் உள்ள பிழையை விளக்குவார், இத்தனையையும் சந்நிதிக்கு நேரே, எல்லாருக்கும் மறைத்துக்கொண்டு, சாமிக்கு முதுகைக் காட்டியபடி சொல்வார். சாமி பாவம். எழுந்து போகவும் முடியாது.

இவரிடம் வாய் தவறிப் "பிரசாதம் நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டீர்களோ, தொலைந்தீர்கள். "இதெல்லாம் ஒரு பிரசாதமா? அந்தக் காலத்துல..." என்று ஆரம்பிப்பார். எந்தக் காலத்தில்? அவர் பிறப்பதற்கு முந்தைய காலத்தில்தான்.

போன வாரம் நடந்ததைக் கேளுங்கள். இவருக்கு நெஞ்சுவலி வந்தபோது இவர் மனைவி ஒரு வேண்டுதல் வைத்திருந்தார். அதை நிறைவேற்ற, அந்த அம்மாள் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார். மதியம் சாமிக்குப் படைத்த சோற்றில் ஒரு பிடி வாயில் பட்டால்தான் அவர் விரதம் முடியும்.

மடப்பள்ளிச் சமையல்காரர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, மூடிய பாத்திரத்தைச் சுமந்து வந்தார். நம்மவர் குறுக்கே போய் நின்றார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. படைக்கிறதுக்கு முன்னாடி இதை ருசி பார்க்கிறது என்ன, மோந்துகூடப் பார்க்கக் கூடாது. மூச்சுக்காத்து படக் கூடாதுன்னுதான் இவர் வாயைக் கட்டியிருக்கார். இதான் நம்ம பாரம்பரியம்! ஆனா ஒண்ணு, நெய் மட்டும் அந்தக் காலத்து நெய் இல்லை. இப்பப் பாருங்க..."

மூடியை விலக்கினார். குனிந்தார். நெஞ்சு நிறைய இழுத்தார்.

சமையல்காரர் பாத்திரத்தைக் கீழே வைத்து, வாய்க்கட்டை அவிழ்த்தார்.

"மறுபடியும் உலை வைக்கணும்" என்றார்.

எழுந்து நின்ற மனைவி தூணைப் பிடித்துக்கொண்டு திரும்ப உட்கார்ந்தார். "நெய் எப்படிங்க இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கால்வாசிகூட அந்தக் குரலில் இல்லை.

நம்மவர் வெட்கப்பட்டாரா? அதுதான் இல்லை. "பார்த்தீங்களா, இந்தக் காலத்துலயும் வழக்கத்தை விடாம வச்சிருக்காங்க!" என்று பூரித்துப்போய், கூட்டத்துக்கு அதையும் விளக்கக் கிளம்பிவிட்டார்.

இப்படி ஒருவரை உங்களுக்கும் தெரியும் என்று சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் படித்துக்கொண்டு வரும்போதே, 'முகர்ந்ததற்கெல்லாம் மறுபடி சமைக்க வேண்டியதில்லை, அதற்கு வேறு பரிகாரம் இருக்கிறது, எழுதுகிற இவனுக்கு என்ன தெரியும்?' என்று உங்கள் வாய் துறுதுறுத்ததா, இல்லையா? நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். அந்த அம்மாள் எப்போது சாப்பிட்டார் என்று கேட்கத்தான் உங்களுக்குத் தோன்றவில்லை.