பிரேசில் வரை போன எங்கள் வம்சம்

கல்யாணப் பேச்சில் வேண்டாம் என்று வாயைத் திறந்து சொல்லத் தைரியமில்லாத பெண்கள் என்னென்னவோ செய்வார்கள். சிலர் அழுவார்கள், சிலர் சாப்பிடாமல் சுருண்டு படுத்துக்கொள்வார்கள். நான் என் தாய்மாமனைக் காளைமாடாக்கி உலகம் பூரா அனுப்பிவைத்தேன். (வேணும்னு செய்யலீங்க. திட்டம் போட்டுச் செய்யற அளவுக்கு எனக்கு அன்னிக்குப் புத்தி ஏது?)

இரண்டாயிரம் பிறந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். ஆர்.கே.பேட்டை பக்கம் எங்கள் ஊர், கொஞ்சம் நிலமும் மாடுகளும் உள்ள வீடு. எம்.சி.ஏ. முடித்துவிட்டு, தினமும் திருத்தணியில் ரயிலேறிச் சென்னைக்குப் போய், ஒரு கால்நடை ஆராய்ச்சி மையத்தில் புரோகிராமராக வேலை பார்த்தேன். நாட்டு மாடுகளின் விவரங்களைச் சேர்த்து வைக்க ஒரு மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். மாட்டின் அப்பா அம்மா யார், சுபாவம் என்ன, ரத்தத்திலிருந்து எடுத்த மரபணு விவரம் என்ன, எல்லாம் அதில் ஏறும். ஒரே ஒரு மாட்டின் மரபணுவை அச்சடித்தாலே எங்கள் தாலுகா ஆபீஸ் ரெக்கார்டு ரூம் கொள்ளாது. அத்தனையையும் எந்த நாட்டு ஆராய்ச்சியாளரும் உட்கார்ந்த இடத்திலேயே திறந்து பார்க்கலாம், கருத்து எழுதலாம். இந்தக் காளையை இந்தப் பசுவோடு சேர்க்கலாமா என்று கேட்டால், இரண்டும் நெருங்கிய சொந்தமாக இருக்கும்போது சிவப்புக் கோடு போட்டுக் காட்டும்.

வீட்டிலோ எனக்கும் மணி மாமாவுக்கும் ஆவணியில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. மாமா என் அம்மாவின் கடைசித் தம்பி. தங்கமான மனுஷன், தினமும் காலையில் என்னை மொபெட்டில் ஸ்டேஷனில் கொண்டுவந்து விடுவார். ஆனால் சின்ன வயசில் எனக்கு மூக்குச் சிந்திவிட்டவரைக் கட்டிக்கொள்வதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. நைனா, அதாவது என் அப்பா, அம்மா வீட்டாருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். நைனா எதிரில் நின்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

திறப்பு விழாவுக்கு முன்னால் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கச் சிக்கலான ஒரு வம்சம் வேண்டியிருந்தது. வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்களுக்கு முன்கூட்டியே திறந்துவிட்டிருந்தோம், எங்கள் பக்கத்து நிஜ மாடுகளின் விவரம்தான் வந்து சேரவில்லை. எனக்குத் தெரிந்த சிக்கலான வம்சம் ஒன்றுதான், எங்களுடையது. பெரியம்மா தன் தாய்மாமனைக் கட்டினவர். அதனால் பெரியப்பா எனக்குப் பெரியப்பா, அம்மாவுக்கு மாமன். (அப்போ எனக்குத் தாத்தாவும் ஆவணும். தீபாவளிக்கு ரெண்டு முறைக்கும் காசு கேட்டிருக்கேன், குடுக்கல.) சித்தி அத்தை மகனைக் கட்டினவர். எல்லோரையும் மாடாக்கி ஏற்றினேன், மரபணுவுக்கு எதையோ இட்டு நிரப்பினேன். பெரியசாமி பெரியப்பாவுக்கு 'தீனி: அதிகம்'. சித்தப்பாவுக்கு 'சுபாவம்: சாயங்காலத்தில் முரடு'. மணி மாமாவுக்கு 'காளை, சாது, உழவுக்கும் வண்டிக்கும் ஏற்றது'. எனக்கு 'கிடாரி, பார்க்க சாது'. கடைசியில், மணியையும் தேவியையும், அதாவது என்னையும், சேர்க்கலாமா என்று கேட்டேன்.

பெரியப்பாவை எந்தத் தலைமுறையில் வைப்பதென்று தெரியாமல் கம்ப்யூட்டர் முதலில் திணறி நின்றது. அதைச் சரிசெய்தபின் படம் வந்தது. நான் பார்த்தே இராத முன்னோர்களிடமிருந்து கோடுகள் கிளம்பி, பிரிந்து, மறுபடியும் வந்து கூடி, கடைசியில் எல்லாம் என்னிடம் வந்து நின்றன. இத்தனை பேர் சேர்ந்தா நான் என்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் மாமாவுக்கும் நடுவில் சிவப்புக் கோடு. நான் சொல்லப் பயந்ததை அது பளிச்சென்று சொல்லிவிட்டது.

'எல்லோருக்கும் காட்டு' என்ற பொத்தான் வேலை செய்கிறதா என்று பார்க்க அதையும் அமுக்கினேன். அழிப்பதற்குள் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. ஆடிக் கிருத்திகைக் கூட்டம், அந்த ரயிலை விட்டால் அடுத்ததில் கால் வைக்க முடியாது. ஓடினேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் திருத்தணி மலை முழுக்கக் காவடி. கூட்டத்தில் நசுங்கிக்கொண்டே, இந்தக் கல்யாணத்தை எப்படியாவது நிறுத்து முருகா என்று வேண்டினேன். (அவரே மாமன் மகள்களைக் கட்டினவரு. அவருகிட்ட போய்ச் சொன்னேன் பாருங்க.)

திங்கட்கிழமை திறப்பு விழா. நாட்டு மாடு வளர்ப்பவர்களைக் கூப்பிட்டிருந்தார்கள், நானும் பெருமையாக நைனாவையும் மாமாவையும் அழைத்துப்போனேன். எங்கள் தலைவி சாரதா மேடம் மைக்கைப் பிடித்தார். பெரிய திரையில் இருக்கிற இங்கிலீஷை விவசாயிகளுக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

"இந்த ரெண்டு நாள்ல உலகத்துலயே அதிகம் பேர் பேசின மாட்டுக் குடும்பத்தை இப்போ பார்க்கலாம்" என்று திறந்தார். திரையில் நின்றது எங்கள் வம்சம்.

"பெரியசாமின்னு ஒரு காளை. தீனி அதிகம்."

"நம்ம சகல பேரு" என்றார் நைனா, சந்தோஷமாக.

"கென்யாவிலேர்ந்து ஒருத்தர் எழுதறார். இத்தனை தலைமுறையை ஞாபகம் வெச்சிருக்கிற விவசாயிக்கு என் வணக்கம்னு." சபை கைதட்டியது, நைனாவும் தட்டினார். "அடுத்தது பிரேசில் டாக்டர். ராத்திரி பூரா கணக்குப் போட்டுப் பார்த்தாராம். மணி அருமையான காளை, தேவி நல்ல கிடாரி. ஆனா ரெண்டும் மாமனும் அக்கா மகளும். தயவுசெஞ்சு சேர்த்துடாதீங்க. காளைக்கு வேற இடம் பாருங்க, கிடாரிக்கு வேணும்னா நாங்களே இடம்..." மேடம் நிறுத்தினார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தேவி, இது எந்த ஊர் மாடு?"

நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. நைனா எழுந்து நின்றுவிட்டார். வேலையும் போச்சு, மானமும் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஏம்மா, அந்தப் பிரேசில்காரரு ராத்திரி பூரா உக்காந்துகினு கணக்கு போட்டாரா?" நைனாவின் குரல்.

"ஆங்... ஆமாங்க" என்றார் மேடம்.

"அவருக்கு நாம யாரு?"

"யாருமில்லீங்க."

நைனா மெதுவாக உட்கார்ந்தார். "யாருமே இல்லாதவன் நம்ம ஊட்டு நல்லதுக்குத் தூங்காம கெடந்திருக்கான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை. மலைமேல் சந்நிதி திறக்கும்போது இருக்குமே, அந்த முகம்.

திரும்பி வருகையில் ரயில் மணவூரைத் தாண்டியது. மாமாதான் ஆரம்பித்தார்.

"எனக்குக் கொம்பு வெச்சியா?"

"இல்ல மாமா. அந்தக் கட்டத்தக் காலியா உட்டுட்டேன்."

"அந்த ஆளுக்கு எழுதிப்போடு. காளைக்கும் இஷ்டம் இல்லையாம்னு. ஒன்னத் தூக்கி வளத்தவன் நானு. அக்கா புருஷனாச்சே, பாவாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு பயந்துகினு கெடந்தேன்."

ஜன்னலோரம் இருந்த நைனா திரும்பினார். "ரெண்டு பேருக்கும் வாய் இருக்குதில்ல? இதச் சொல்ல பிரேசில்லருந்து ஆள் வரணுமா?" என்றார். அப்புறம் அடக்கமாட்டாமல் சிரித்தார், நான் அழுதேன். அன்று ராத்திரியே அம்மா வீட்டாரிடம் போய்ச் சம்பந்தத்தை நிறுத்திவிட்டு வந்தார்.

மேடம் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. கருத்து எழுதின ஒவ்வொருவருக்கும் என் கையாலேயே மன்னிப்புக் கடிதம் எழுதவைத்தார். பிரேசில் டாக்டர் மட்டும் பதில் போட்டார், தான் மிகவும் வருந்துவதாகக் கிடாரியிடம் சொல்லும்படி.

மாமாவுக்கு மறு தையில் வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. அதிலிருந்து எங்கள் வீட்டில் யார் ஜாதகத்தை எடுத்தாலும் "பிரேசில்ல கேட்டாச்சா?" என்ற கேள்விதான் முதலில் வரும். சில வருஷம் கழித்து, கூட வேலை பார்த்தவரைக் கட்டிக்கொள்ளப்போகிறேன் என்று நானே வாய் திறந்து சொல்லி, அவரை வீட்டுக்கும் அழைத்து வந்தேன். நைனா அவரிடம் சம்பளத்தைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை.

"பிரேசில்ல இன்னா சொல்றாங்க தம்பி?" என்றார்.

அவர் திருதிருவென்று முழித்தார். மணி மாமாதான் காப்பியை ஆற்றிக்கொண்டே பதில் சொன்னார்.

"நான் வெசாரிச்சிட்டேன் பாவா. தூரத்து சொந்தம்கூட கெடயாது. தைரியமா சேக்கலாம்."