தீர்மானம் அண்ணை அப்பாவைக் கண்டித்த கதை

உலகத்தின் எந்த மூலையில் குண்டு வெடித்தாலும் முதலில் அதிர்வது டிரெஸ்டனில் எங்கள் மாணவர் விடுதியின் மூன்றாம் மாடிச் சமையலறைதான். காரணம், தீர்மானம் அண்ணை. அவருடைய நிஜப்பெயர் பல்கலைக்கழக அட்டையில் இருந்தது. அதை யாரும் படித்ததில்லை.

யாழ்ப்பாணத்தில் பிறந்து, கைக்குழந்தையாக ஜெர்மனிக்கு வந்தவர். நாற்பதை எட்டிக்கொண்டிருந்தார். இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவே இந்த நாட்டு மாணவர்கள் உலக விவகாரங்களில் என்ன கிழித்தார்கள் என்பது அவருடைய ஆய்வு. அந்த இடைவெளியே இருபது வருடம்தான். ஆய்வு அதைத் தாண்டிவிடுமோ என்று எங்களுக்குப் பயம்.

"அப்படி என்னதாண்ணே செஞ்சாங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கூட்டம் போட்டாங்கள், தீர்மானம் போட்டாங்கள், பிறகு பியர் குடிச்சாங்கள். இப்பவும் நாங்கள் ரெண்டு போருக்கு நடுவிலதான் நிக்கிறம் தம்பி. அடுத்தது எதெண்டுதான் தெரியேல்லை."

பியரை மட்டும் விட்டுவிட்டு மற்ற இரண்டையும் அவர் தொடர்ந்தார்.

ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூட்டம். போர்நிறுத்தம் கோரி ஒரு தீர்மானம், அகதிகளுக்காக ஒன்று, ஃப்ரிட்ஜில் என் சாம்பார் எல்லை மீறி வழிந்ததைக் கண்டித்து ஒன்று. ஒன்றோடொன்று சண்டையிலிருந்த இரண்டு நாடுகளின் பிள்ளைகள் எங்கள் மாடியில் இருந்தார்கள். அவர்கள் சேர்ந்து கையெழுத்திட்ட ஒரே ஆவணம் அந்தச் சாம்பார் தீர்மானம்தான்.

திருச்சிக்காரனான நான் எதையும் படிக்காமலே கையெழுத்துப் போடுவேன். கூட்டம் முடிந்தால்தான் அண்ணை பிட்டு அவிப்பார். அப்படிப் போட்டதில் ஒன்று வினையாகிவிட்டது.

அவருடைய அப்பா, போருக்குத் தப்பி பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கியவர், ஹாம் நகரத்தில் இருந்தார். ஒருநாள் தொலைபேசியில், "ஊராற்ற சண்டையில உனக்கென்னடா வேலை? போய் ஒரு வேலையைத் தேடு" என்று சொல்லியிருக்கிறார். பதிலுக்கு மகன் அப்பாவுக்கு ஒரு கண்டனத் தீர்மானம் அனுப்பிவிட்டார். பதிவுத் தபாலில். எட்டு மாணவர்களின் கையெழுத்தோடு. மூன்றாவது என்னுடையது. சலவை இயந்திரம் பற்றியது என்று நினைத்தேன்.

அதோடு அப்பா கதைப்பதை நிறுத்திவிட்டார். இரண்டு வருடம். அண்ணை வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் கூட்டத்தின்போது கைபேசியை மேசைமேல் நிமிர்த்தி வைத்திருப்பார். அது முனகினாலே ஒரு நாட்டின் போரைப் பாதியில் விட்டுவிட்டு எட்டிப் பார்ப்பார்.

ஒரு ஞாயிறு அவர் குளிக்கப் போயிருந்தபோது அது அடித்தது. திரையில் 'அப்பா'. எடுத்துவிட்டேன்.

"அவன் இல்லையோ?"

"குளிக்கிறார் அங்கிள். உங்ககிட்ட பேசணும் பேசணும்னு ரெண்டு வருஷமா துடிக்கிறார்."

"அப்பிடியோ... சனிக்கிழமை வாறன் எண்டு சொல்லுங்கோ."

சமாதானத் தூதனாகிவிட்ட பூரிப்பில் எனக்கு அன்று பிட்டுகூட இறங்கவில்லை. நேரில் பார்த்து மகிழட்டும் என்று அண்ணையிடம் மூச்சு விடவில்லை. யாழ்ப்பாணத்தில் பேசுவது என்றால் திட்டுவது என்று எனக்கு யார் சொன்னார்கள்? நாம் பேசுவதை அவர்கள் கதைப்பார்கள்.

சனிக்கிழமை மதியம் சமையலறை வாசலில் ஒரு பெரியவர், கையில் குடையோடு. அண்ணை அடுப்படியில் உறைந்து நின்றார்.

"பேசடா" என்றார் அப்பா. "எல்லாத்தையும் பேசி முடி. கேக்கத்தான் வந்தனான்."

"நான் ஏனப்பா உங்களைப் பேசப்போறன்?"

"நீ என்னைப் பேசத் துடிக்கிறாய் எண்டு ஃபோனை எடுத்த தம்பிதானே சொன்னவர்!"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் கூரையைப் பார்த்தேன். "அங்கிள், எங்க ஊர்ல பேசுறதுன்னா... நீங்க சொல்ற கதைக்கிறதுதான்."

அப்பா சிரிக்கவில்லை. "பேசினாலும் பிழையில்லை" என்றார் மகனிடம். "நான் முந்தியே எடுத்துக் கதைச்சிருக்க வேணும். ஏலாமப் போச்சு."

திட்டு வாங்குவதற்காக அரை நாள் ரயிலில் வந்த மனிதரை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை.

அண்ணைக்கு உலகத்து அதிபர்களுக்கெல்லாம் எழுத வரும். அன்று வாயில் வந்தது ஒன்றுதான்: "தேத்தண்ணிக்கு ரெண்டு கரண்டி சீனிதானே அப்பா?"

"இப்ப போடுறேல்லை. போன வருஷத்திலயிருந்து எனக்குச் சீனி வருத்தமெல்லோ."

எந்த நாட்டு எல்லையில் எத்தனை படை நிற்கிறது என்று சொல்லத் தெரிந்தவருக்கு அப்பாவின் சர்க்கரை நோய் தெரிந்திருக்கவில்லை. கரண்டியை மெல்லக் கீழே வைத்தார். தன் கோப்பையிலும் சீனி போடவில்லை. நானும் போடவில்லை. வாயில் வைக்க முடியாத தேநீர் அது. இரண்டாவது கோப்பையும் கேட்டு வாங்கிக் குடித்தேன்.