பேச்சியம்மா கொழுந்தான வழக்கு

அக்கரப்பத்தனைப் பக்கத்து வளைவொன்றில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறி குடைசாய்ந்தது. மூட்டைகளின் மேல் உட்கார்ந்து வந்த பேச்சியம்மாவுக்கு வலது கை முறிந்தது. கை முடங்கினால், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பேர் இல்லை. பேர் இல்லாவிட்டால் சம்பளமும் இல்லை. ஆகவே நட்டஈடு கேட்டு வழக்குப் போட்டாள்.

காப்புறுதிக் கம்பெனியின் சட்டத்தரணி எழுந்தார்.

"கனம் கோட்டார் அவர்களே! இந்த லொறியில் கொழுந்து ஏற்ற மட்டுமே அனுமதி. ஆகவே அதில் ஆள் இருந்திருக்க முடியாது. இல்லாத ஆளுக்குக் கை எப்படி முறியும்?"

நீதிபதி ஆழ்ந்து யோசித்தார். தவணை மேல் தவணை போனது. பேச்சியம்மாவின் கை கோணலாகவே கூடிவிட்டது.

கடைசியில் எங்கள் சட்டத்தரணி கணேசமூர்த்திக்கு மூளை வேலை செய்தது.

"அப்படியே வைத்துக்கொள்வோம். லொறியில் இருந்ததெல்லாம் கொழுந்து; கொழுந்துக்குக் காப்புறுதி உண்டு. என் கட்சிக்காரர் லொறியில் இருந்தார். ஆகவே அவர் கொழுந்து!"

பேச்சியம்மா பதறிப்போனாள். "ஐயா, நான் மனுசிங்க!"

"சும்மா இரும்மா, கேஸக் கெடுத்துறாத!"

எதிர்த்தரப்பு விடவில்லை. "வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இது கொழுந்தல்ல, முற்றல் இலை."

"முற்றலைத் தோட்டம் லொறியில் ஏற்றுமா?" என்று மடக்கினார் கணேசமூர்த்தி.

தீர்ப்பு வந்தது. பேச்சியம்மா சட்டத்தின் பார்வையில் சந்தேகத்துக்கு இடமின்றிக் கொழுந்தே. சம்பவ தினம் மழை பெய்தபடியால், தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் வழக்கப்படி ஈரத்துக்குக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுக்க வேண்டியது.

நாங்கள் கை தட்டினோம். கோயிலில் தேங்காயும் உடைத்தோம்.

பணம் வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டு எல்லோருமாகத் தோட்டத்து ஆபீசுக்குப் போனோம். அதைத் தோட்டக் கணக்கில் சேர்த்தாகிவிட்டது என்றார் கிளாக்கர்.

"அது என் கை ஒடிஞ்ச காசுங்க!" என்று அழுதாள் பேச்சியம்மா.

"கொழுந்து யாருக்குச் சொந்தம்?"

"தோட்டத்துக்குங்க."

"அப்ப நட்டம் யாருக்கு?"

பேச்சியம்மா கண்ணைத் துடைத்தாள். "அப்பீல் போடலாமுங்களா?"

"போடலாம். ஆனா மனுசங்கதான் போடலாம். நீ கொழுந்துன்னு தீர்ப்பாயிருச்சே."

"அவளுக்காக நாங்க போடுறோமுங்க, அத்தன பேரும் சேந்து!" என்று சத்தம் போட்டேன்.

கிளாக்கர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கள்லாம் இங்க எதுல வந்தீங்க?"

நாங்கள் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தோம்.

"கொழுந்து லொறியிலதாங்க."